வரலாற்றுப் புதினம் என்றால் அரசர் கதை மட்டும்தானா?



இன்று சற்றுக் காரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரை அழைத்து, “உனக்குத் தெரிந்த வரலாற்றுக் கதை ஒன்றைச் சொல்” என்று கேட்டுப் பாருங்கள். வந்தியத்தேவன் வருவான். அருள்மொழி வருவான். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்துவிட்டபடியால், குதிரையும் வாளும் மிகத் தெளிவாகவே வரும். இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தை வென்றதையும் சிலர் சொல்வார்கள். மகிழ்ச்சி.

அதே மாணவரிடம், “உன் பாட்டனாரின் தந்தை 1943-ஆம் ஆண்டில் எங்கே இருந்தார்? என்ன சாப்பிட்டார்?” என்று கேளுங்கள். விழிப்பார். அவர் விழிப்பதில் குற்றமில்லை. அவருடைய அப்பாவைக் கேளுங்கள், அவரும் விழிப்பார். “தாத்தா சயாமுக்குப் போனவராம்” என்று ஒற்றை வரி வரலாம். போனவர் திரும்பினாரா, திரும்பாதவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்றால், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இராது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரண்மனையில் நடந்த சூழ்ச்சி நமக்கு மனப்பாடம். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு நம் சொந்த லயத்து வீட்டில் நடந்தது தெரியாது. இது எவ்வகை வரலாற்று உணர்வு? சிந்திக்க வேண்டாமா?

கல்கியையும் சாண்டில்யனையும் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். அவர்கள் வழியாகத் தமிழ் படிக்கக் கற்றவர்கள் நம்மில் ஏராளம். என் வழக்கு வேறு. அரசியல் கொந்தளிப்பில் சிக்கிய எளிய குடும்பங்களின் கதையைச் சொல்லும் புதினங்கள் நம் நாட்டிலேயே, நம் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நம் பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் நாம்தாம். அதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

நடந்தது என்ன?

1941 டிசம்பர் 8-ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஏறக்குறைய 70 நாள்களில், 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார்கள் தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. கட்டத் துணியின்றிக் கோணிச் சாக்கை உடுத்தியவர்கள் இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில் பாதைக்கு ஆள் தேவைப்பட்டது. பான் போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் முடிந்தது. காடு, மலை, மழை, வாந்திபேதி, மலேரியாக் காய்ச்சல் அனைத்தையும் தாண்டி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்தது என்றால், அது எத்தனை உயிரை விழுங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு ஓர் அழகிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். அவற்றில் மிகப் பலவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்க்கு? பெயர் பொறித்த தனிக்கல் கிடையாது. காட்டில் புதைத்தார்கள், எரித்தார்கள், அவ்வளவுதான். முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

ஆசிரியப் பெருமக்களே, இந்த இடத்தில்தான் புதினம் வருகிறது. பெயரேட்டில் இல்லாதவனுக்குப் பெயர் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

நம் எழுத்தாளர்கள் கடமையைச் செய்தார்கள்

ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் நூலாக வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அ. ரெங்கசாமி, அதே இரயில் பாதையைக் களமாகக் கொண்டு ‘நினைவுச் சின்னம்’ எழுதினார், 2005-இல் வந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம்மவர்களைப் பற்றி ‘இமையத் தியாகம்’ எழுதியவரும் அவரே. சற்று அப்பால், இந்தோனேசியாவில் வாழ்ந்த ப. சிங்காரம், போர்க்காலத் தென்கிழக்காசியத் தமிழரை வைத்து எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது.

இவை வானத்திலிருந்து விழுந்தவையல்ல. மலாயாவின் தோட்டத்து லயங்களில் கிழவர்கள் திண்ணையில் அமர்ந்து சொன்ன சொற்கள்தாம் சண்முகத்துக்கும் ரெங்கசாமிக்கும் அடிநிலம். அந்தத் திண்ணைகள் இன்று இல்லை. அந்தக் கிழவர்களும் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியிருப்பவை இந்தப் புத்தகங்கள்.

உங்கள் பள்ளி நூலகத்தில் இவற்றுள் எத்தனை இருக்கின்றன? எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

முதல் வாதம்: “பிள்ளைகளுக்கு இந்தக் கொடுமையெல்லாம் எதற்கு?”

பெற்றோர்கள் சொல்லும் வாதம் இது. ஒரு தாயார் என்னிடம் நேரிலேயே கேட்டார்: “சார், படிக்கிற பிள்ளைங்ககிட்ட செத்தவங்க கதையைச் சொல்லி மனசைக் கெடுக்கணுமா?”

அவருடைய பரிவு எனக்குப் புரிகிறது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் முழுப் புதினத்தையும் திணிக்க நானும் சொல்ல மாட்டேன். ஆனால், ஒன்றைக் கேட்கிறேன். தலை துண்டாகும் போர்க்காட்சியை அகன்ற திரையில், குடும்பத்தோடு, சோளப்பொரி கொறித்துக்கொண்டு பார்க்கிறோமே, அப்போது பிள்ளையின் மனம் கெடவில்லையா? அரசன் வெட்டினால் வீரம். கூலிக்காரன் வாந்திபேதியில் செத்தால் அசிங்கம். நம் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் எண்ணம் இதுதான். கொடுமையைக் கண்டு நாம் ஒதுங்கவில்லை. ஏழ்மையைக் கண்டு ஒதுங்குகிறோம். நம் முன்னோர் கூலிகளாக இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்படுகிறோம். வெட்கத்துக்குப் பரிவு என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

மலாய் இலக்கிய உலகத்தைப் பாருங்கள். ஏ. சமாட் சைட் எழுதிய ‘சலினா’ 1961-இல் வெளிவந்தது. போரில் குடும்பத்தை இழந்த ஒரு பெண்ணையும், சிங்கப்பூரில் ஆட்டுக் கொட்டகைகளாக இருந்த குடிசைகளில் பிழைத்த ஏழைகளையும் பற்றிய கதை அது. “எங்கள் இனத்தாரை ஆட்டுக் கொட்டகையில் காட்டிவிட்டாயே” என்று சொல்லி அவர்கள் அந்நூலை மூடி வைக்கவில்லை. அதை எழுதியவர் 1985-இல் தேசிய இலக்கியவாதியாகச் சிறப்பிக்கப்பட்டார். நாம் நம் ‘சலினா’க்களை என்ன செய்தோம்?

இரண்டாம் வாதம்: “தேர்வுக்கு வராது”

இது நம் ஆசிரியர்கள் பலரின் வாதம். முன்பு யூபிஎஸ்ஆர் இருந்தது. அதைச் சொல்லித் தப்பித்தோம். அத்தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. தேர்வு போயிற்று, சாக்கு மட்டும் போகவில்லை. இப்போது வேறு மதிப்பீடுகளின் பெயரைச் சொல்கிறோம்.

2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாக வந்துவிட்டது. சப்பானியர் ஆட்சி என்றால் ஆண்டுகளும் படைத்தலைவர்களும் என்று மாணவர் படிக்கிறார். அந்த ஆட்சியில் தமிழ்ப்பள்ளிகளிலும் சப்பான் மொழி கற்பிக்கப்பட்டது, சப்பானிய நாட்டுப்பண் பாடப்பட்டது என்று நாம் ஒரு வரி சேர்த்தால், பாடநூல் கோபித்துக்கொள்ளுமா? தாம் அமர்ந்திருக்கும் இதே போன்ற வகுப்பறையில் ஒரு பிள்ளை காலையில் சப்பானியப் பாட்டுப் பாடிவிட்டு, மாலையில் அப்பாவை ஏற்றிச் சென்ற லாரி திரும்பாதா என்று சடக்கோரம் நின்றிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் மாணவர், அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறப்பாரா?

மூன்றாம் வாதம்: “கதை எப்படி வரலாறாகும்?”

இது அறிவாளிகளின் வாதம். புதினம் கற்பனைதானே, அதை நம்பலாமா என்பார்கள். மதிக்கத்தக்க கேள்வி. விடை சொல்கிறேன்.

எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை வரலாற்று நூல் சொல்லட்டும். அது அதன் வேலை. ஆனால், போகும் முன்னிரவு அந்தக் குடும்பம் எப்படி முடிவெடுத்தது என்பதை எந்த ஆவணம் சொல்லும்? சில மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். சிலர் நம்பிப் போனார்கள். பிறகு இத்தனை பேர் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகக் கணக்குக் கேட்டார்கள். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கதவை அடைத்து, லாரியில் ஏற்றியதாகவும் முதியவர்கள் சொன்னதுண்டு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பா போவதா, கல்யாணமாகாத தம்பி போவதா? இந்திய தேசிய இராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டால் சயாமுக்குப் போக வேண்டாம் என்று நம்பிச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அது நாட்டுப்பற்றா, உயிராசையா, இரண்டுமா? இந்தக் கேள்விக்கு அட்டவணையில் விடை இல்லை. ஒரு குடும்பத்தின் அடுக்களைக்குள் நுழைந்தால்தான் விடை கிடைக்கும். அதற்குள் நுழையும் உரிமை புதினத்துக்கு மட்டுமே உண்டு.

இன்னொன்றும் சொல்வேன். நாம் எழுதாவிட்டால், படிக்காவிட்டால், கதை நின்றுவிடாது. பிறர் அவர்களுடைய கதையாக அதை எழுதிக்கொள்வார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிப் புதினம் எழுதினார். 1957-இல் அது திரைப்படமாகி ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. உலகமே அந்த இரயில் பாதையை அதன் வழியாகத்தான் அறிந்தது. அதன் நாயகர்கள் ஆங்கிலேயப் போர்க்கைதிகள். தோட்டத்துத் தமிழனின் கதையை அதில் தேடாதீர்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளனகனின் தந்தை அதே பாதையில் உழைத்து உயிர் பிழைத்த போர்க்கைதி. மகன் அதைப் புதினமாக எழுதி 2014-இல் புக்கர் பரிசு பெற்றார். தந்தைக்கு மகன் ஆற்றும் உதவி என்று வள்ளுவம் படித்துக் கொடுக்கிறோமே, இதுவும் அந்த உதவிதானே! அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவர்கள் தங்கள் தந்தையரை மறக்கவில்லை. மறந்தவர்கள் நாம்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல்

பெற்றோரையும் ஆசிரியரையும் மட்டும் சாடிவிட்டு எழுத்தாளர்களைத் தப்பவிடுவது முறையன்று. இக்காலத்தைப் பற்றி நம்மவர் எழுதும் சிறுகதை, புதினம் பலவற்றில் ஒரே அச்சில் வார்த்த மாந்தர்களைக் காண்கிறேன். சப்பானியன் என்றால் அரக்கன். தமிழன் என்றால் தியாகி. பெண் என்றால் அழுதுகொண்டு வாசலில் நிற்பவள்.

ஐயா, உண்மை அப்படியா இருந்தது? ஆள் கணக்குக் கொடுத்தபோது பெயரை எழுதியவர்கள் யார்? நம்மவர்களான கிராணிகளும் கங்காணிகளும்தாமே! தனக்கு வேண்டாதவன் பெயரை முதலில் எழுதியவன் இருந்திருப்பான். அண்டை வீட்டுக்காரனைக் காப்பாற்றத் தன் பெயரை எழுதிக்கொண்டவனும் இருந்திருப்பான். அந்த இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். எழுத வேண்டிய கதை அதுவல்லவா?

பெண்களும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கவில்லை. ஆண்கள் போன பிறகு கிழங்கு நட்டவர்கள், செத்த பிள்ளையைப் புதைத்தவர்கள், இருக்கும் பிள்ளையை வளர்த்தவர்கள் அவர்கள். 1943-இல் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது துப்பாக்கி ஏந்தியவர்களில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். கணவன் திரும்பவே மாட்டான் என்று எண்ணி மறுமணம் செய்துகொண்டவள் வீட்டுக்கு, போர் முடிந்த பின் முதல் கணவன் எலும்பும் தோலுமாய் வந்து நின்றால் என்ன செய்வாள்? அவளைக் கற்பின் பெயரால் தண்டித்துக் கதையை முடித்துவிடாமல், அவளுடைய நியாயத்தையும் கேட்கும் புதினங்கள் இன்னும் பல வேண்டும்.

கொந்தளிப்பு 1945-இல் முடிந்துவிடவும் இல்லை. 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 சூலை 31 வரை நீடித்தது. பகலில் இராணுவத்தான் கேள்வி கேட்டான். இரவில் காட்டிலிருந்து வந்தவன் அரிசி கேட்டான். இருவருக்கும் நடுவே தோட்டக் குடும்பம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் ‘சங்கம்’ என்ற சொல்லை உச்சரிக்கவே எத்தனை வீடுகள் அஞ்சியிருக்கும்! 1969 மே 13-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சட்டம் இறுக்கப்பட்டபோது, பல்லாயிரவர் கப்பலேறினார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நீல அடையாள அட்டை, மற்றவருக்குச் சிவப்பு. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. இவற்றை எழுத நாம் யாரைக் காத்திருக்கிறோம்?

என்ன செய்யலாம்?

புலம்பலோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடன்று. ஆகவே சில வேண்டுகோள்கள்.

1. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் மலேசியத் தமிழ் வரலாற்றுப் புதினங்களுக்கென ஓர் அடுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியர்கள் முதலில் படியுங்கள். தாம் படிக்காததை மாணவர்க்குப் பரிந்துரைப்பது வீண்.

2. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு, வயதுக்குத் தக்க ஒரு பகுதியைத் தேர்ந்து, ஆசிரியரே கதையாகச் சொல்லலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நூலையே படிக்கட்டும்.

3. விடுமுறையில் கட்டுரை கொடுக்கும்போது, ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு பேனா’ போதும். ‘என் குடும்பம் 1941 முதல் 1945 வரை’ என்று ஒரு தலைப்புக் கொடுங்கள். வீட்டில் தெரிந்தவர் இல்லையென்றால், தெருவில் மூத்தவரைக் கேட்டு வரட்டும். இரண்டு பத்தி வந்தாலும் வரவுதான்.

4. பெற்றோர்களே, பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் அப்போது குழந்தையாக இருந்திருப்பார். அல்லது தம் தாயார் சொல்லக் கேட்டிருப்பார். உங்கள் வீட்டுப் பிறந்தநாள் கேக்குக்கு ஐம்பது படம் எடுக்கும் அந்தக் கைப்பேசியில் இதற்கு இடமில்லாமல் போகாது.

5. மாவட்ட அளவில் கதை சொல்லும் போட்டி நடத்துவோர், மரியாதைராமனுக்கும் தெனாலிராமனுக்கும் ஓராண்டு ஓய்வு கொடுத்துவிட்டு, நம் தோட்டத்துக் கதைகளை மேடையேற்றுங்கள்.

இவற்றுள் எதற்கும் அமைச்சின் ஒப்புதல் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. மனம்தான் தேவை.

கடாரம் கொண்டான் நம் பெருமை என்று மார்தட்டுகிறோம். தட்டுவோம். ஆனால், சோழன் படை கப்பலில் வந்து வென்று திரும்பிவிட்டது. திரும்பிப் போக முடியாமல் இங்கேயே மரவள்ளி தின்று, பிள்ளை பெற்று, காட்டை வெட்டி, நம்மை இந்நாட்டின் குடிமக்களாக்கியவர்கள் அந்தப் பெயரில்லாத கூலிகள். நாம் சோழனின் வாரிசுகளா என்பதை ஆராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். சயாமுக்குப் போகாமல் தப்பியவனுக்கோ, போய்த் திரும்பியவனுக்கோ, திரும்பாதவனின் மனைவிக்கோ நாம் வாரிசுகள் என்பதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

அவர்களுக்குக் கல்லறை கட்ட நம்மால் முடியவில்லை. அவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தைத் திறக்கவாவது முடியும் அல்லவா?

அடுத்த வாரம் பள்ளிக்குச் செல்லும்போது, நூலகத்தின் கதவைத் திறந்து அந்த அடுக்கைத் தேடுங்கள். இல்லையென்றால், நீங்களே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்